திருப்பிக் கொடுத்த சவுக்காரம்

கல்முனைக்குடி
09.02.2025

அன்புள்ள இராசதுரை அண்ணனுக்கு,

வெளியில் வந்து ஐந்து நாளாகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். தலைதான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு எழுதினால் கொஞ்சம் நிற்கும் என்று கூடப் பிறந்த சுஹறா ராத்தா வீட்டு மேசையடியில் குந்தியிருக்கிறேன். இதை உங்களிடம் தருவதற்கு முன்னால் வாசிக்கும் சிறைச்சாலை ஐயாவுக்கும் வணக்கம். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை ஐயா. எல்லாம் சாமான் விலைதான்.

படலையைத் திறந்து விடும்போது என்னுடைய வேலைக்காசைக் கையில் தந்தார்கள். இருபத்து நான்கு வருஷம் தச்சுக் கொட்டிலில் பலகை சீவியதற்குப் பதினோராயிரத்துச் சொச்சம். அதில் இரண்டு தாள் ஐயாயிரம் ரூபாய்த் தாள். நான் உள்ளே போகும்போது ஆயிரம்தான் பெரிய தாள். இதைத் தொட்டுப் பார்த்தபோது, அண்ணன், நான் பெரிய முதலாளி என்றே நினைத்துவிட்டேன்.

கல்முனை பஸ்ஸில் ஏறி, கொண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாய் நீட்டிவிட்டு மிச்சத்துக்குக் கையை விரித்துக்கொண்டு இருந்தேன். எனக்குத் தெரிந்த கட்டணம் நூற்று எழுபது.

அந்தப் பொடியன் என் கையைப் பார்த்தான். "இன்னும் எண்ணூறு தாங்க" என்றான்.

"எத்தின பேருக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு மட்டுந்தான்."

பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் பகிடி விடவில்லை. சீட்டை அடித்தே தந்தான். வழியெல்லாம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். மலையும் தெரியவில்லை, காடும் தெரியவில்லை.

ஊரில் இறங்கி ஒரு கடையில் பால் தேத்தண்ணியும் ஒரு றோல்ஸும் எடுத்தேன். தேத்தண்ணி நூறு, றோல்ஸ் எண்பது, எல்லாமாக நூற்று எண்பது என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, நான் கடைய விலைக்குக் கேக்கல்ல. குடிச்ச தேத்தண்ணிக்குத்தான் கேக்கன்" என்று சத்தம் போட்டேன். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வந்து தோளில் கை வைத்து, "காக்கா வெளிநாட்டில இருந்து வந்தீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். சந்தையில் நடந்த அடிபிடியில் ஒரு மனிசன் மவுத்தாகி, அதற்காக உள்ளே கிடந்துவிட்டு வருகிறேன் என்றா சொல்வது?

ஜும்ஆவுக்குப் போனேன். பள்ளி வாசலில் ஒரு வயதுபோன பெண் குந்தியிருந்தா. கையில் கிடந்த இரண்டு ரூபாய்க் குற்றியை அவவின் சேலையில் போட்டேன். அவ அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் என் கையில் திருப்பி வைத்து, "நீங்களே வெச்சிக்கோங்க வாப்பா" என்றா. அண்ணன், தண்டனைத் தீர்ப்பை வாசித்தபோதுகூட எனக்கு அப்படிக் குளிர்ந்தது இல்லை.

நாமும் உள்ளே பத்திரிகை வாசித்தோம்தான். டொலர் ஏறியது, வரிசையில் நின்று ஆட்கள் செத்தார்கள் என்றெல்லாம் கதைத்தோம். அது வேறு. கையில் தாளை வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரனின் முகத்தைப் பார்ப்பது வேறு.

நாம் இரண்டு பேரும் கணக்குப் போட்டோமே, பத்தாயிரத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. அதையும் விசாரித்துவிட்டேன். காஸ் நிரப்ப மட்டும் நாலாயிரத்துக்குக் கிட்ட. சிலிண்டர் வாங்க வேறு காசு. ஒரு சின்னப் பால்மா பெட்டி ஆயிரத்து நூறு. நம்முடைய கடை திறக்காமலே மூடியாகிவிட்டது அண்ணன்.

துஆவுடன்,
முனாப்


சிறைச்சாலை, கொழும்பு
23.02.2025

தம்பி முனாப்,

உன் கடிதத்தைக் கொட்டிலில் உரத்து வாசித்தேன். எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன்.

நீ ஏமாந்துவிட்டாய். உன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும், இவன் இருபது வருஷமாகக் கடை காணாதவன் என்று. ஒரு தேநீருக்கு நூறு ரூபாய் எவன் கொடுப்பான்? விலை கூடியிருக்கும். நான் மறுக்கவில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூடியிருக்கும். நீ சொல்வதுபோல் இருந்தால் ஊரில் ஒருவரும் உயிரோடு இருக்க முடியாது. சொந்த ஊரில் நாலு கடை ஏறி விசாரித்துவிட்டு எழுது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். கல்முனைக்குடியில் இருந்து பாண்டிருப்பு எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூமணியைப் போய்ப் பார்.

உன்னிடம் இதை முழுவதும் சொன்னதில்லை. 2022 ஆடியில் அவள் கடைசியாக வந்தபோது நீ ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தாய். முன்பெல்லாம் அவள் வந்தால் இரண்டு கையும் கொள்ளாது. பால்மா, சீனி, பொரித்த கருவாடு, குளிக்க, துவைக்க நாலைந்து சவுக்காரம், பற்பொடி. மாதம் தவறாமல் வந்தவள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினாள். பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆடியில் வந்தாள். கையில் ஒரு சவுக்காரம், ஒரு பிஸ்கட் பெட்டி. ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு வருகிறவள் கொண்டுவரும் சாமானா அது?

கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கொடி இல்லை. மஞ்சள் கயிறு.

"உனக்கு நான் இவ்வளவுதானா?" என்று கேட்டேன். இரண்டையும் கம்பிக்குள்ளால் திருப்பித் தள்ளினேன். இனி வராதே என்றேன். தலையைக் குனிந்து சவுக்காரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு வரவே இல்லை. வேலிச் சண்டையில் நான் கத்தி தூக்கினது குற்றந்தான். அதற்கு நான் இங்கே இருக்கிறேன். ஆனால் மனைவி ஒருத்தி இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போவதற்கு நான் அவளுக்கு என்ன செய்தேன்?

யாரோடு இருக்கிறாள் என்று பார். கொடி எங்கே என்று கேள். எனக்கு மறைக்காமல் எழுது. அடுத்த வருஷம் வெளியில் வந்தால் எந்த வாசலில் போய் நிற்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இராசதுரை


கல்முனைக்குடி
11.03.2025

அன்புள்ள அண்ணன்,

நோன்பு பத்து முடிந்துவிட்டது. பளீல் ஹாஜியாரின் சாப்பாட்டுக் கடையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதலில் காசு மேசையில் இருத்தினார். ஒரு பால் தேத்தண்ணிக்கு நூறு ரூபாய் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல் மெதுவாகச் சொன்னேன். சிலரிடம் ஐம்பதே வாங்கிக்கொண்டேன். ஹாஜியார் கண்டுபிடித்து, "முனாப், நீங்க அடுப்படிக்குப் போங்க, அதான் எனக்கும் நல்லம், உங்களுக்கும் நல்லம்" என்று அனுப்பிவிட்டார். இப்போது பின்னேரத்தில் கஞ்சி கிண்டுகிறேன்.

நீங்கள் சொன்னபடி நாலு கடை அல்ல, நாற்பது கடை ஏறிவிட்டேன். எவனும் என்னை ஏமாற்றவில்லை. நம்முடைய சந்தையில் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாய். பத்து ரூபாய்க்கு வாங்கிய தேங்காய் அண்ணன்! பாதித் தேங்காய் வெட்டி விற்கிறார்கள், அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஒரு றாத்தல் பாண் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கியது நினைவிருக்கிறதா? நூற்று நாற்பது. நோன்புக் கஞ்சிக்குப் பால் விடும்போது ராத்தா என் கையைப் பிடித்துக்கொள்கிறா.

பாண்டிருப்புக்குப் போனேன். எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைக்காதே என்றீர்கள். எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு கொடுத்த அந்தச் சின்ன வீட்டில்தான் அக்கா இருக்கிறா. தனியேதான் இருக்கிறா. வேறு யாரும் இல்லை. முதலில் இதை வாசித்துவிட்டு ஒரு தரம் மூச்சு விடுங்கள். கச்சான் கடலை வறுத்துப் பக்கெட்டில் அடைத்துக் கடைகளுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கொடுக்கிறா. நான் போகும்போது தாச்சியில் மணலோடு கச்சான் வறுபட்டுக்கொண்டிருந்தது.

நான் யார் என்று சொன்னேன். கரண்டியை நிறுத்தினா. "உயிரோட இரிக்காரா?" என்றுதான் முதலில் கேட்டா.

"ஓம் அக்கா. நல்லா இரிக்கார்."

"அப்ப சரி." மறுபடியும் கிளறத் தொடங்கினா. பிறகுதான் எனக்குக் கதிரை போடவில்லை என்று ஞாபகம் வந்து எழும்பினா.

நான் மடையன், நேராகவே கேட்டேன். "ஏன் அக்கா அண்ணனப் பாக்கப் போகல்ல?"

"வராத எண்டு சொன்னவர்தானே."

"அதுக்கு முந்தியே வாறது குறைஞ்சி போச்சி எண்டு செல்றார்."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "தம்பி, நான் முதல் போகக்குள்ள பஸ்ஸுக்கு இருநூறு ரூவா. மாதம் மாதம் போனன். மறுகா நானூறு ஆச்சி. ரெண்டு மாதத்துக்கு ஒருக்காப் போனன். எண்ணூறு ஆச்சி. பொங்கலுக்கும் வருசத்துக்கும் எண்டு வச்சன். நான் விக்கிற கச்சான் பக்கெட்டு ரெண்டு ரூவால இருந்து அஞ்சாகி, பத்தாகி, இருவதாகிப் போறதுக்குள்ள பஸ்ஸு எங்கயோ போயிற்று. நான் எப்பிடித் தம்பி எட்டிப் பிடிக்கிற?"

"இத நீங்க அவரிட்டச் செல்லி இரிக்கலாமே அக்கா?"

"சொல்லி? உள்ளுக்கு இரிக்கிற மனிசன். அவரால என்ன செய்ய ஏலும்? சாமான் என்ன விலை எண்டு கேட்டா, முந்தினதுதான், ஒண்டு ரெண்டு கூடியிரிக்கு எண்டு சொல்லிப்போட்டு வருவன். இல்லாட்டி நித்திர கொள்ளாமக் கிடப்பார்."

அண்ணன், அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவதான் உங்களை அப்படி வைத்திருந்திருக்கிறா.

கொடி பற்றிக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவவே கழுத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னா. மகள் வினோஜாவின் சத்திரசிகிச்சைக்கு அடகு வைத்தது, மூழ்கிப் போய்விட்டதாம். "புதிசா ஒண்டு செய்வம் எண்டு சேத்துக்கொண்டு போனா, பவுன் எனக்கு முன்னால ஓடுது."

பிறகு அந்த ஆடி மாதத்தைப் பற்றிச் சொன்னா. நீங்கள் இருந்து வாசியுங்கள்.

அப்போது ஊரில் டீசல் இல்லை. ஒரு பகல் முழுக்க ஸ்டாண்டில் நின்று பஸ் ஏறியிருக்கிறா. போக வரக் காசு கணக்காகக் கட்டிக்கொண்டு, மிச்சத்துக்கு ஒரு சவுக்காரமும் ஒரு பிஸ்கட்டும். சவுக்காரம் மட்டும் நூற்று ஐம்பது ரூபாய், அதுவும் மூன்று கடை ஏறி இறங்கி. உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பஸ் கட்டணத்தை அன்றைக்குக் கூட்டிவிட்டார்கள். முந்நூறு ரூபாய் குறைகிறது. கொண்டக்டர் இறங்கச் சொல்லிவிட்டார்.

"கொழும்பு ஸ்டாண்டில நிண்டன். பாஷையும் தெரியா. அழவும் வெக்கம். பையில அவர் தள்ளிவிட்ட சவுக்காரமும் பிஸ்கட்டும் கிடந்திச்சி. பக்கத்தில நிண்ட ஒரு சிங்களப் பொம்புளைக்கிட்டக் காட்டினன். அவ சவுக்காரத்த மணந்து பாத்தா, கண்ணில ஒத்திக்கொண்டா. அந்த நேரம் அவக்கும் கிடைக்காத சாமான்தானே. ரெண்டுக்குமா முந்நூறு தந்தா. அதுலதான் வந்து சேந்தன்."

பிறகு கச்சானைப் புடைத்துக்கொண்டே, "அவர் வாங்கி வச்சிருந்தா நான் அந்த ஊரிலயே கிடந்திருப்பன் தம்பி" என்றா. அழுது சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னா.

நான் பொறுத்துக்கொள்ள முடியாமல் வெளியில் வந்து முற்றத்தில் நின்றேன். நோன்பாளி, ஒரு வாய் தண்ணீரும் குடிக்க ஏலாது.

முனாப்


சிறைச்சாலை, கொழும்பு
25.03.2025

முனாப்,

உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. இதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

முதலில் நம்பவில்லை. அவள் உன்னை மயக்கிவிட்டாள் என்று நினைத்தேன். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், பெரியநீலாவணைக்காரர், கடை வைத்திருந்தவர். ஏன் என்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன். அந்த ஆடியில் சவுக்காரம் என்ன விலை, பஸ் என்ன விலை. அவர் சொன்ன விலை உன் கடிதத்தில் இருக்கும் விலைதான். "அந்தக் காலத்த ஏன் அண்ண ஞாபகப்படுத்திறீங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு உன் கடிதத்தை எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன்.

நான் அவளைக் கோபக்காரி என்று நினைத்தேன் முனாப். கோபத்தில் சவுக்காரத்தைப் பைக்குள் வைக்கிறாள் என்று நினைத்தேன். நான் தள்ளும்போது அது நிலத்தில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, ஊதி, முந்தானையில் துடைத்தாள். அதை இப்போதுதான் யோசிக்கிறேன். ஆர் அப்படித் துடைப்பார்கள் ஒரு சவுக்காரத்தை?

இருபது வருஷமாக நான் அவளிடம் கேட்ட சாமான்களை நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த முறை நல்ல பால்மாவாகக் கொண்டு வா, இது கட்டி பிடிக்குது என்று ஒருதரம் ஏசியிருக்கிறேன்.

என் வேலைக்காசு ஒன்பதாயிரத்து முந்நூறு இருக்கிறது. அதிகாரியிடம் கேட்டேன், வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். அதை உன் பெயருக்கு அனுப்புகிறேன். பூமணிக்கு ஒரு கொடி வாங்கு. முழுக்கொடி வேண்டாம், ஒரு பவுனில் மெல்லியதாக ஒன்று போதும். நான் உள்ளே வரும்போது பவுன் பத்தாயிரம். இப்போது இருபதாயிரமா, முப்பதாயிரமா? கூட்டியே சொல்லு, நான் தாங்குவேன். மிச்சத்தை வெளியில் வந்து உழைத்துத் தருகிறேன் என்று நகைக்கடைக்காரரிடம் சொல்லு.

இராசதுரை


கல்முனைக்குடி
06.04.2025

அன்புள்ள அண்ணன்,

பெருநாள் நல்லபடி முடிந்தது. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகைக்கடை வாசலில் இரண்டு தரம் போய் நின்றேன். மூன்றாம் தரம்தான் உள்ளே போனேன்.

ஒரு பவுன் இரண்டு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம்.

பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நானும் மூன்று தரம் கேட்டேன். கடைக்காரர் கணக்குப் பொறியைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டினார். உங்களுடைய ஒன்பதாயிரத்து முந்நூறுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். அவர் நல்ல மனிசன், சிரிக்கவில்லை. ஒரு மூக்குத்தியைத் தேடி எடுத்தார். பிறகு அதன் விலைத்துண்டைப் பார்த்துவிட்டு அதையும் உள்ளே வைத்துவிட்டார்.

இதை அக்காவிடம் சொல்லக்கூடாது என்றுதான் போனேன். ஆனால் அவ முகத்தைப் பார்த்ததும் உங்கள் கடிதத்தையே வாசித்துக் காட்டிவிட்டேன். ஒன்பதாயிரத்துக்கு ஒரு பவுன் என்ற இடம் வந்ததும் அக்கா சிரித்தா. அவ சிரித்து நான் கண்டதில்லை. நிறுத்த முடியாமல் சிரித்தா, கண்ணால் தண்ணீர் வரும் வரைக்கும். "பாவம், மனிசனுக்கு ஒண்டும் தெரியாமப் போயிற்று" என்றா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. அதன் பிறகு சிரித்தாவா அழுதாவா என்று எனக்குத் தெரியாது.

காசு வேண்டாமாம். "அவர் வெளிய வாற அண்டைக்கு உடுக்க ஒரு சாரமும் சேட்டும் வேணும். அதுக்கே பத்தாது, வச்சிக்கொள்ளச் சொல்லுங்க" என்றா.

சித்திரை வருசத்துக்கு நேரில் கிட்ட இருந்து பார்க்க விடுவார்களே, அப்போது வருகிறா. பஸ் காசு நான் தருகிறேன் என்றேன். ராத்தாவும் சொன்னா. கேட்கவில்லை. வருசத்துக்குக் கச்சான் நல்லா ஓடுமாம், அதில் பார்த்துக்கொள்வாவாம். நான் அந்தக் கச்சான் பக்கெட்டுகளில் ஐந்நூறை அடைத்துக் கொடுத்தேன், உதவியாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

நல்ல சேட்டாகப் போட்டுக்கொண்டு நில்லுங்கள் அண்ணன்.

முனாப்


சிறைச்சாலை, கொழும்பு
20.04.2025

தம்பி முனாப்,

அவள் வந்தாள்.

கம்பி இல்லை. ஒரு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். தலை நன்றாக நரைத்துவிட்டது. கை விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது, தாச்சிச் சூடு. சோற்றுப் பார்சலைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். நான் மூன்று கிழமையாகச் சேர்த்து வைத்திருந்த கதை ஒன்றும் வாயில் வரவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுற்றி எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் மட்டும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில், "இந்த மீன் என்ன விலை?" என்று கேட்டேன்.

"விலையா? அதெல்லாம் பெரிசில்ல. சாப்பிடுங்க."

"இல்ல பூமணி. எனக்கு எல்லாம் தெரியும். உள்ளத உள்ளபடி சொல்லு."

என்னையே பார்த்தாள். பிறகு, "பாரை. கிலோ ரெண்டாயிரத்து நானூறு. இது கால் கிலோ" என்றாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"வாய மூடிக்கொண்டு தின்னுங்க. இதுக்கே இப்பிடியெண்டா மிச்சத்தையும் கேட்டா என்ன செய்வீங்க?"

"மிச்சத்தையும் சொல்லு."

தொடங்கினாள். அரிசி. தேங்காய். சீனி. மிளகாய்த்தூள். ஒவ்வொன்றும் அந்த நாளில் என்ன விலை, எந்த வருஷம் ஏறியது, அப்போது எதைக் குறைத்தாள், எதை விட்டாள். தேநீருக்குப் பாலை எப்போது நிறுத்தினாள். நானும் ஐயோ, ஐயோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அவளுடைய சத்தம் கூடியது. கடைக்காரரை ஏசினாள், அரசாங்கத்தை ஏசினாள், பஸ்காரனை ஏசினாள். பிறகு என்னை ஏசினாள். வேலிச் சண்டைக்கு ஏசினாள், கத்திக்கு ஏசினாள், சவுக்காரத்துக்கு ஏசினாள். இருபத்தொரு வருஷம் நான் அவளுடைய ஏச்சைக் கேட்டதில்லை முனாப். இங்கே வந்தால் எப்போதும் ஒரு நோயாளியிடம் கதைப்பதுபோலத்தான் கதைப்பாள். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பெண்சாதி இருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

காவலர் நேரம் முடிந்தது என்றார். அவள் பார்சல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இன்னும் பாதி கூடச் சொல்லி முடியல்ல" என்றாள். "பருப்பு, பால்மா, கரண்டு பில்லு, வினோஜாட புள்ளைர கொப்பிப் புத்தகம், எல்லாம் கிடக்கு. மறுகா வந்து சொல்றன்."

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியும்.

இராசதுரை